மூன்று மணி நேரத் தண்ணீரும் ஒரு பொடியனின் பெயரும்

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயா,

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் ஒரு கிராமம். கலைமாணிப் பட்டத்துக்கு மெய்யியலை ஒரு பாடமாகப் படித்தேன். இப்போது எங்கள் கமக்கார அமைப்பின் செயலாளர். எங்கள் வயல் கண்டத்துக்கு அப்பாதான் வட்டவிதானை, தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர்.

போன சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் போதவில்லை. முறை வைத்துத்தான் வாய்க்காலில் விட்டோம். கடைக்கண்டத்தில் ஒன்றரை ஏக்கர் செய்யும் மாமி ஒருவரின் வேளாண்மை, கதிர் பொதியாக இருக்கும் குடலைப் பருவத்தில் வாடத் தொடங்கிவிட்டது. அவருக்குக் கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவருடைய முறைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஒரு இரவு அப்பா யாருக்கும் சொல்லாமல் அந்தப் பக்கக் கதவை மூன்று மணி நேரம் திறந்துவிட்டார். மாமிக்கே தெரியாது. வேளாண்மை தப்பியது.

தன் முறையில் தண்ணீர் குறைந்ததை மேல்வயல்காரர் கண்டுபிடித்துக் கூட்டத்தில் கேட்டார். வாய்க்கால் காவலுக்கு நின்ற பத்தொன்பது வயதுப் பொடியன் காசு வாங்கிக்கொண்டு திறந்தான் என்று பேச்சு வந்தது. அவன் இல்லை என்றான், ஒருவரும் நம்பவில்லை. அவனுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு மூட்டை நெல்லை நிறுத்தினார்கள். இனி அவனைக் காவலுக்கு எடுப்பதில்லை என்றும் முடிவானது. அப்பா பேசாமல் இருந்தார். அன்றிரவுதான் எனக்கு உண்மையைச் சொன்னார். "வெளிய சொன்னா அந்த மனிசியயும் இழுப்பாங்க, அவட பேரும் கெடும், விடு புள்ள" என்கிறார்.

பயனைப் பார்க்கும் பெந்தாமைக் கேட்டால் அப்பா செய்தது சரி. கடமையைப் பார்க்கும் காண்டைக் கேட்டால் பிழை. அரிஸ்டோட்டில் ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறார். மூன்று பேரும் மூன்று சொன்னால் நான் எதை வைத்து முடிவெடுப்பது? சரி பிழைக்கு உண்மையில் விடை என்று ஒன்று இருக்கிறதா? பெரும்போகக் கூட்டம் வருகிற கிழமை.

பெயர் வேண்டாம், படுவான்கரை

பதில்:

மகள்,

கடிதத்தில் அப்பாவும் அந்தக் கதவும் தெளிவாகத் தெரிகிறார்கள். அந்தப் பொடியன் அவ்வளவு தெரியவில்லை. அவன் வீட்டில் யார் யார், அந்த இரண்டு மூட்டையை நம்பி என்ன கடன் இருந்தது, இப்போது எங்கே வேலைக்குப் போகிறான், ஒன்றும் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தகப்பனை நினைத்துக் கலங்கி எழுதிய கடிதம் அப்படித்தான் இருக்கும். ஆனால் நீங்கள் கேட்ட கோட்பாட்டுக் கேள்விக்கு விடை கிடைப்பதும் கிடைக்காததும் அவனைக் கணக்கில் எடுப்பதில்தான் தங்கியிருக்கிறது. அதனால் முதலிலேயே சொன்னேன்.

பல வருடம் ஒழுக்கவியல் படிப்பித்தவன் என்ற முறையில் ஒரு குறையை ஒத்துக்கொள்ள வேண்டும். பரீட்சைக்காக நாங்கள் அதைப் பிழையாகப் பழக்கிவிட்டோம். பயன்பாட்டுவாதம் என்றால் என்ன, அதன் குறைகள் என்ன, கடமைவாதம் என்றால் என்ன, அதன் குறைகள் என்ன என்று கேட்டுக் கேட்டு, ஒன்று வென்றால் மற்றது தோற்கும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளிடம் உண்டாக்கினோம். ஒவ்வொரு கோட்பாடும் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. கேள்விகள் வேறு. ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை வருகிற இடங்களும் உண்டு. உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது.

பெந்தாமிலிருந்து தொடங்குவோம், அப்பா நிற்பதும் அங்கேதான். 1789இல் வெளிவந்த நூலில் பெந்தாம் இன்பத்தையும் துன்பத்தையும் அளக்க ஏழு அளவுகள் சொன்னார்: செறிவு, எவ்வளவு காலம் நீடிக்கும், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு கிட்ட, இன்னும் அதேபோலப் பெருக்குமா, எதிரானது கலந்து வருமா, எத்தனை பேரைத் தொடும். அப்பா இந்த ஏழையும் படித்திருக்க மாட்டார். ஆனால் டோர்ச் லைற்றோடு வரம்பில் நின்று அவர் போட்டது இதே கணக்குத்தான். ஒரு பக்கம் குடலையிலே கருகப்போகும் ஒன்றரை ஏக்கர், மறுபக்கம் பெரிய வயலொன்றில் மூன்று மணி நேரத் தண்ணீர். நெல்லுக்குத் தண்ணீர் மிக அவசியமான காலம் குடலையும் பூக்கும் பருவமும்தான் என்பது அவருக்கு உங்களையும் என்னையும் விட நன்றாகத் தெரியும். நான்கு நாள் பொறுத்தால் பதர்தான் மிஞ்சும். அந்தக் கணக்கில் பிழையில்லை.

பிழை, கணக்கை அந்த இரவோடு மூடிவிட்டதில் இருக்கிறது. ஏழில் ஐந்தாவதைப் பாருங்கள், இன்னும் பெருக்குமா என்பது. மறைவில் ஒருமுறை திறந்த கதவு மற்றவர்களுக்கும் வழிகாட்டும். முறையில் நம்பிக்கை போனால் ஆளாளுக்கு மண்வெட்டியோடு வாய்க்காலில் படுக்கத் தொடங்குவார்கள். அப்போது முதலில் காய்வது கடைக்கண்டம்தான், அதே மாமியின் வயல்தான். கடைசி அளவு, எத்தனை பேரைத் தொடும் என்பது. கூட்டத்தில் அந்தப் பொடியனின் பெயர் எடுபட்ட நிமிடத்திலிருந்து அவனும் கணக்கில் ஒரு ஆள். யாரும் ஒரு ஆளாகவே எண்ணப்பட வேண்டும், ஒரு ஆளுக்கு மேலாக அல்ல என்பது பெந்தாமின் வாக்கு என்று அவருக்குப் பின் வந்த பயன்பாட்டுவாதி மில் எடுத்துச் சொல்கிறார். வட்டவிதானையின் மரியாதையும் ஒன்று, காவல்காரப் பொடியனின் மரியாதையும் ஒன்று. ஆகவே பெந்தாமைக் கேட்டால் அப்பா செய்தது சரி என்று நீங்கள் எழுதியது பாதிதான். திறந்ததைப் பற்றி அவர் சரி என்று சொல்லக்கூடும். பேசாமல் இருந்ததைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்கிறேன். 2004 மார்கழி 26க்குப் பிறகு, ஒரு நலன்புரி முகாமில் உலருணவு பிரிக்கும் வரிசையில் பெயர் எழுதும் வேலை எனக்கு. ஒரு தாய் வந்து வீட்டில் ஐந்து பேர் என்றார். நான்கு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாவது பெயர் கடல் கொண்டுபோன மகனுடையது. அவர் அதைச் சொன்னபோது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன், ஐந்து பங்கு போனது. அப்போது நான் ஒழுக்கவியல் படிப்பித்து வந்த ஆள். ஆனாலும் அந்த நிமிடத்தில் பெந்தாமும் வரவில்லை, காண்டும் வரவில்லை. அந்தக் கைதான் இருந்தது. இன்று கேட்டாலும் அப்படித்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று மாலை வரிசையின் கடைசியில் நின்ற ஒரு கிழவருக்குப் பங்கு இல்லாமல் போனது. நான் என் பங்கைக் கொடுத்தேன், அது அரைப்பங்குதான். முன்னால் நிற்பவர் மீது வரும் இரக்கத்துக்கான விலையைப் பெரும்பாலும் கண்ணில் படாத இன்னொருவர்தான் கொடுக்கிறார். அப்பாவின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். அதன் விலையை இப்போது யார் கொடுக்கிறார் என்பதுதான் என் கவலை.

காண்ட் என்றால் 'சட்டம் என்றால் சட்டம்' என்று சொன்ன கடுமையான மனிதர் என்று பலர் நினைக்கிறார்கள். முறை என்று எழுதி வைத்ததை மீறிவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. 1785இல் அவர் எழுதியதன் சாரம் இது: நீ எந்த எண்ணத்தில் செய்கிறாயோ, அந்த எண்ணத்தை எல்லோருக்கும் பொதுவான விதியாக்க உன்னால் விரும்ப முடியுமா? காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் மாணவர்கள் இந்தப் பாடம் வந்தால் உடனே 'நிய்யத்', அதாவது எண்ணம், என்பார்கள். நல்ல சித்தத்தைத்தான் காண்டும் முதலில் வைக்கிறார், ஆகவே நான் அவர்களைத் திருத்துவதில்லை. அப்பாவின் எண்ணத்தைச் சொல்லில் வைத்துப் பாருங்கள்: "ஒருவருக்கும் தெரியாதபோது, இரக்கம் வந்த இடத்தில், முறைக்கு வெளியே திறக்கலாம்." எல்லோரும் இப்படி நினைத்தால் மீறுவதற்கு முறையே மிஞ்சாது. இதில் உறுத்துகிற சொல் 'இரக்கம்' அல்ல, 'தெரியாதபோது' என்பது. அன்று இரவே மேல்வயல்காரரைத் தட்டி எழுப்பி, "தம்பி, கடையில கருகுது, மூன்று மணி நேரம் தா" என்று கேட்டிருந்தால் காண்டுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

காண்டோடு நான் ஒத்துப்போகாத இடமும் உண்டு. கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்காலத்தில் இந்த மாவட்டத்தில் வாழ்ந்த எவராலும் அதை ஏற்க முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் மனிதரை வெறும் கருவியாக மட்டும் பாவிக்காதே என்று அவர் சொன்னதை விட்டுவிடவும் என்னால் முடியாது. கூட்டத்தில் அந்தப் பொடியன், அப்பாவின் பெயரையும் மாமியின் பெயரையும் காக்கும் மறைப்பாகப் பயன்பட்டான். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அப்பா பேசாமல் இருந்ததற்குக் குறளைத் துணைக்கு அழைக்கலாம். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." நம்மவர்கள் சிறு பொய் சொன்னால் உடனே எடுப்பது இந்தக் குறளைத்தான், பாதியை வேகமாகச் சொல்லிவிடுவார்கள். 'புரைதீர்ந்த' என்ற சொல்லில் நின்று பாருங்கள். குற்றம் ஒட்டாத நன்மை வந்தால் மட்டும்தான் அந்தச் சலுகை. பொடியனின் பெயரில் பழி விழுந்ததோடு அந்த நன்மைக்குப் புரை வந்துவிட்டது. இது 292ஆம் குறள். அடுத்தது 293: "தன்னெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்னெஞ்சே தன்னைச் சுடும்." பயனைப் பார் என்றவர் அடுத்த மூச்சிலேயே நெஞ்சைப் பார் என்கிறார். இரண்டும் முரண் என்று நான் இளமையில் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இரண்டையும் கேள் என்றுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அப்பா அன்றிரவே உங்களிடம் வந்து சொன்னார் அல்லவா? அவர் நெஞ்சு சுடத் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அரிஸ்டோட்டிலை நீங்கள் கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டீர்கள். ஆள் எப்படிப்பட்டவர் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. லெஸ்பொஸ் தீவில் கட்டடம் கட்டுகிறவர்கள் ஈயத்தால் செய்த கோல் வைத்திருந்தார்களாம். அது நேராக விறைத்து நிற்காமல் கல்லின் வடிவத்துக்கு வளைந்து அளக்கும். சட்டம் பொதுவாகத்தான் சொல்ல முடியும், அது எட்டாத இடத்தில் சட்டம் செய்தவரே அங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் செய் என்பது அவர் விளக்கம். உங்கள் ஊரில் சட்டம் செய்தவர்கள் எங்கோ இல்லை. போகத்துக்கு முன் கூட்டத்தில் இருந்து முறை வைத்த அதே கமக்காரர்கள், ஒரு கூப்பிடு தூரத்தில் படுத்திருந்தார்கள். அவர்களை அந்த வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தால், பாதிப்பேராவது திற என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆகவே கதவு திறந்ததைப் பற்றி என் தீர்ப்பு: விரும்பியது சரி, ஒளித்துச் செய்தது பிழை. இதில் வேறு கருத்துள்ளவர்களோடு நான் சண்டை பிடிக்க மாட்டேன். அறிவுள்ளவர்கள் வேறுபடக்கூடிய இடம் அது.

பழி விஷயம் அப்படியல்ல. அதில் பெந்தாம், காண்ட், அரிஸ்டோட்டில், வள்ளுவர் நான்கு பேரும் ஒரே பக்கம். நீங்கள் இரண்டு செயலை ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரு விடை தேடியதால்தான் கோட்பாடுகள் சண்டை பிடிப்பதுபோலத் தெரிந்தது. குளத்தில் எத்தனை அடித் தண்ணீர் என்று இரண்டு பேர் வாதாடலாம். அதற்காகக் குளமே இல்லை என்று ஆகாது. சரி பிழைக்கு விடை உண்டா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

உங்கள் படிப்பில் அதிகம் வராத ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். டபிள்யூ. டி. ரொஸ் என்ற ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் 1930இல், கடமை ஒன்றல்ல, பல என்று எழுதினார். சொன்ன சொல்லைக் காத்தல், செய்த பிழைக்கு ஈடு செய்தல், நன்றி, நீதி, பிறருக்கு நன்மை செய்தல், தன்னைத் திருத்துதல், பிறருக்குத் தீங்கு செய்யாதிருத்தல். எது எப்போது மேல் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்த முடியாது என்றார். ஆனாலும் பொதுவாக, நன்மை செய்யும் கடமையை விடத் தீங்கு செய்யாதிருக்கும் கடமை கனமானது என்றார். அப்பாவுக்கு நீங்கள் பட்ட நன்றிக்கடன் ஒரு உண்மையான கடமை. அதை யாரும் இல்லையென்று சொல்ல வேண்டாம். ஆனால் ஈடு செய்யும் கடமை காத்திருக்கிறது, அது இப்போது கனமாகவும் இருக்கிறது.

பயன்பாட்டுவாதத்தை மறுக்கிறவர்கள் வழக்கமாக ஒரு உதாரணம் எடுப்பார்கள்: ஊரை அமைதிப்படுத்தக் குற்றமில்லாத ஒருவனைத் தண்டிக்கலாமா என்று. நமக்கு அந்த உதாரணம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கதவு திறந்ததும் கண்ணகி வழக்குரை படிக்கிற மண் இது. விசாரிக்காமல் ஒருவனைக் கள்வன் என்று முடிவுகட்டியதால் ஒரு நகரமே எரிந்த கதையைக் கேட்டு, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடலும் பாடி வீட்டுக்கு வருகிறோம். உங்கள் கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் அதைக் கேட்டவர்கள்தான்.

இனி வருகிற கிழமைக்கு வருவோம். நீங்கள் செயலாளர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மிக முக்கியமாகப் பட்டது. போன கூட்டத்தின் அறிக்கையை எழுதியது நீங்கள். அப்போது உங்களுக்கு உண்மை தெரியாது, ஆகவே அதில் உங்கள் பிழை இல்லை. ஆனால் அடுத்த கூட்டம் எப்படித் தொடங்கும்? செயலாளர் எழுந்து சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். அது சரியென்று ஒருவர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிவார். அந்தப் பொடியன் திறந்தான் என்று, இல்லையென்று தெரிந்துகொண்டு, உங்கள் வாயால் ஊருக்கு முன்னால் வாசிக்கப் போகிறீர்கள். இதுவரை இருந்தது அப்பாவின் மௌனம். அந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் பேச்சு.

ஆகவே அதற்கு முன் அப்பாவோடு கதையுங்கள். கோட்பாடுகளைக் கொண்டுபோக வேண்டாம். உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் வெளிவந்த நூலில், சரி பிழையை உரிமைக் கணக்காக மட்டும் பாராமல், யார் யாரோடு கட்டுண்டிருக்கிறார், யார் எப்படி நோவார் என்றும் பார்க்கச் சொன்னார். இந்த இடத்துக்கு அதுதான் உதவும். அப்பாவை ஊருக்கு முன் நீங்கள் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். மாமியின் பெயரைப் பற்றி அவருக்குப் பயம். அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிடுங்கள்: மாமி கேட்கவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது, அதையே அப்பா முதல் வார்த்தையாகச் சொல்லலாம். "நான் என்ட பாட்டில திறந்தன், ஒருத்தரும் கேக்கல்ல, காசும் வாங்கல்ல, அந்தப் பொடியனுக்கு ஒண்டும் தெரியா." இவ்வளவும் போதும். ஊர் கொஞ்ச நாள் கதைக்கும். வட்டவிதானைப் பொறுப்பும் போகக்கூடும், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அப்பா மறுத்தால்? அறிக்கையில் அந்தப் பகுதி வந்ததும், இது பிழையான தகவலில் எடுத்த தீர்மானம், உறுதிப்படுத்த வேண்டாம் என்று கேளுங்கள். யார் என்று கேட்பார்கள். "சொல்ல வேண்டிய ஆள் சொல்லட்டும்" என்றாலே பாதிப்பேருக்கு விளங்கிவிடும். அது அப்பாவைச் சொன்னதற்குக் கிட்டத்தட்டச் சமம்தான். அதைத் தெரிந்துகொண்டே எழுந்திருங்கள், அப்பாவுக்கும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பின்னால் நின்று கேட்டு அவர் திகைக்கக் கூடாது.

அதே கூட்டத்தில் இன்னொரு யோசனையும் வையுங்கள். கடைக்கண்டத்தில் குடலையோ பூவோ வந்த வயல் வாடினால், முறைக்கு முந்தி அவசரத் தண்ணீர் கேட்கவும், இரண்டு மூன்று பேர் போய்ப் பார்த்து அன்றே முடிவு சொல்லவும் ஒரு வழி. அப்பா ஒளித்துச் செய்ததை அடுத்த போகத்தில் யாரும் வெளிச்சத்தில் செய்யலாம். இதை முன்மொழிய மிகப் பொருத்தமான ஆள் அப்பாதான்.

பொடியனைப் பற்றி. மத்தியஸ்த சபையில் இருந்த காலத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டேன். காசுக்காக வழக்குக் கொண்டு வந்தவர்கள் காசு கிடைத்தாலும் எழும்பிப் போக மாட்டார்கள். "நான் எடுக்கல்ல எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும்" என்று கதிரையிலேயே இருப்பார்கள். ஆகவே இரண்டு மூட்டையை இரவில் அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவது போதாது, அதுவும் இன்னொரு மறைவுதான். கூட்டத்துக்கு முதல்நாள் அப்பாவும் நீங்களும் அவன் வீட்டுக்குப் போங்கள், தாயோடும் கதையுங்கள், நாளைக்கு வரச் சொல்லுங்கள். நெல் கூட்டத்தில் வைத்து, நெல்லாகவே கொடுக்கப்படட்டும். காவல் வேலை திரும்ப வேண்டுமா என்று அவனிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

அறிக்கைப் புத்தகத்தில் பழைய பக்கத்தைக் கிழிக்கவோ மேலால் வெட்டவோ வேண்டாம். வரும் கூட்டத்தின் திகதியில் புதிதாகத் திருத்தம் எழுதி, தலைவரின் கையொப்பம் வாங்குங்கள். போன முறை 'காவல் பொடியன்' என்று மட்டும் எழுதியிருந்தால், இந்த முறை அவனுடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதுங்கள்.